மேலே ஏறியதும் கால் ஏன் நடுங்குகிறது?

தைப்பிங் மாணவர்களுக்குப் புக்கிட் லாரூட் புதிய இடமன்று. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அந்த மலையில் நின்று, கீழே தெரியும் ஊரைக் கைப்பேசியில் படம் எடுத்திருப்பீர்கள். அங்கே யாருக்கும் கால் நடுங்கியதாகத் தெரியவில்லை. அதே மாணவர்களைப் பள்ளி முகாமில் 8 மீட்டர் உயரமுள்ள மரக் கோபுரத்தில் ஏற்றி, ஃபிளையிங் ஃபாக்ஸ் கம்பியின் முன் நிறுத்துங்கள். உள்ளங்கை வியர்க்கும், முழங்கால் வெடவெடக்கும், கை தூணை விட மறுக்கும். 1,000 மீட்டர் பயமுறுத்தவில்லை, 8 மீட்டர் பயமுறுத்துகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிவது வெறும் பொது அறிவுக்காக மட்டுமல்ல. முகாம் அறிவிப்பு வந்ததும் சில மாணவர்களுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிடும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த விஷயம். வேறு சிலர், "பயந்தாங்கொள்ளி" என்ற பட்டத்துக்கு அஞ்சிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார்கள். இறங்கியதும் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்துவிடுவார்கள். இந்த இரண்டு வழிகளிலும் பயம் குறைவதில்லை. பயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மூன்றாவது வழி ஒன்று இருப்பது புரியும்.

மூன்று சாட்சிகள்

நாம் நேராக நிற்பது சும்மா நடக்கும் காரியமன்று. அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் முன்னும் பின்னும் சிறிதளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தை மூளை கண்டுபிடித்து நொடிக்கு நொடி திருத்துகிறது. இதற்கு மூன்று சாட்சிகள் தகவல் தருகின்றன. ஒன்று கண். இரண்டாவது, உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய சமநிலை உறுப்புகளும். மூன்றாவது, பாதம், தசை, மூட்டு ஆகியவற்றில் உள்ள உணர்வு நரம்புகள். படிவம் 3 அறிவியலில் தூண்டலும் துலங்கலும் பற்றிப் படித்தவர்களுக்கு இவை பழக்கமானவைதான்.

கண்ணின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை இப்போதே சோதிக்கலாம். சுவருக்கு அருகில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிறகு கண்ணை மூடுங்கள். சில நொடிகளிலேயே தள்ளாடத் தொடங்குவீர்கள். காதும் காலும் முன்போலவே வேலை செய்கின்றன. ஒரு சாட்சி மட்டும் விலகிவிட்டது.

இனி ஒரு சிறிய கணக்கு. உங்கள் தலை 2 சென்டிமீட்டர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே 1 மீட்டரில் சுவர் இருந்தால், அது கண்ணுக்குச் சுமார் 1.1 பாகை நகர்ந்ததாகத் தெரியும். 10 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருள் 0.11 பாகைதான் நகரும். 20 மீட்டரில் 0.06 பாகை. நெடுஞ்சாலையில் காரில் போகும்போது சாலையோர மரங்கள் ஓட, தூரத்து மலை நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரிகிறதே, அதே காரணம்தான்.

உயரமான மேடையின் விளிம்பில் இதுதான் நடக்கிறது. எதிரே அருகில் எதுவும் இல்லை. தரையும் மரங்களும் வெகு தூரத்தில் இருக்கின்றன. உடல் ஆடுவதைக் கண் கவனிக்கத் தவறுகிறது. திருத்தம் தாமதமாவதால் ஆட்டம் கூடுகிறது. "ஆடுகிறோம்" என்று காதும் காலும் சொல்ல, "அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்கிறது கண். சாட்சிகளுக்குள் முரண்பாடு வந்ததும் மூளை தடுமாறுகிறது. தலை லேசாகச் சுற்றுவதுபோல் இருக்கும். ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்டும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. புக்கிட் லாரூட்டில் உங்களைச் சுற்றி மரமும் புல்லும் கைப்பிடிச் சுவரும் அருகிலேயே இருக்கின்றன. கண்ணுக்குப் பிடிமானம் உண்டு. மரக் கோபுரத்தில் அது இல்லை. விமானத்தில் பறக்கும்போது பலருக்கு உயர பயம் தோன்றாததற்கும் இதுவே ஒரு காரணம். அங்கே நாம் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம். விழாமல் நிற்க வேண்டிய வேலையே இல்லை.

ஏறும்போது வராத பயம்

பத்துமலையின் 272 படிகளை ஏறியவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். மேலே போய்த் திரும்பி, இறங்கலாம் என்று கீழே பார்க்கும்போதுதான் அடிவயிறு கலங்கும். படிகளின் எண்ணிக்கை மாறவில்லை, மாறியது பார்வை. ஏறும்போது அடுத்த படி முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இறங்கும்போது எதிரே வெட்டவெளி.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஓர் உயரத்தைக் கீழிருந்து மதிப்பிடுவதைவிட மேலிருந்து மதிப்பிடும்போது மனிதர்கள் அதை அதிகமாகவே சொல்கிறார்கள் என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. உயர பயம் உள்ளவர்கள் இன்னும் அதிகமாகச் சொல்கிறார்கள். பயப்படுகிறவர் பொய் சொல்லவில்லை. 8 மீட்டர் அவருக்கு உண்மையிலேயே பன்னிரண்டாகத் தெரியலாம். "இதுகூட உயரமா?" என்று பக்கத்தில் நிற்கும் நண்பர் சிரிப்பதில் அர்த்தமில்லை, இருவரும் ஒரே உயரத்தைப் பார்க்கவில்லை.

பிறவியிலேயே வந்ததா?

1960-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு புகழ்பெற்ற சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயரமான மேசைபோன்ற ஓர் அமைப்பு. அதன்மேல் கனமான கண்ணாடி. ஒரு பக்கத்தில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியபடி கட்டம் போட்ட துணி. மறுபக்கத்தில் அதே துணி தரையில் கிடந்தது. பார்த்தால் பள்ளம்போல் தெரியும். 6 முதல் 14 மாதம் வரையுள்ள 36 குழந்தைகளை நடுப்பலகையில் விட்டு, தாய்மார்கள் இரு பக்கமும் மாறி மாறி நின்று அழைத்தார்கள். பலகையை விட்டு நகர்ந்தவர்கள் 27 பேர். அவர்களில் 3 பேர் மட்டுமே "பள்ளத்தின்" மேலிருந்த கண்ணாடியில் தவழ்ந்து போனார்கள்.

அப்படியானால் உயர பயம் பிறவியிலேயே வந்துவிடுகிறதா? பின்னாளில் ஜோசப் காம்போஸ் என்ற ஆய்வாளரின் குழு இன்னும் சிறிய குழந்தைகளை அதே கண்ணாடிமீது கிடத்தி இதயத்துடிப்பை அளந்தது. தவழக் கற்காத குழந்தைகளின் துடிப்பு சற்றுக் குறைந்தது. அது எதையோ ஆர்வமாகக் கவனிப்பதன் அடையாளம். தவழ்ந்து பழகிய குழந்தைகளின் துடிப்போ கூடியது. ஆழத்தைப் பார்க்கும் திறன் முன்பே இருந்தது. அதற்கு அஞ்சும் பழக்கம் உலாவத் தொடங்கிய பிறகு வந்தது.

இது நமக்கு நல்ல செய்தி. அனுபவத்தால் வலுப்பெறும் பயத்தை அனுபவத்தாலேயே குறைக்கவும் முடியும் அல்லவா?

அபாயமணி அடிக்கிறது

மூளையின் உட்பகுதியில் பாதாம் கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி உள்ளது. ஆபத்து என்று தோன்றியதும் இது அபாயமணி அடிக்கிறது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை வெளியிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலைத் தயார்ப்படுத்தும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் விவரித்தார்.

சிக்கல் என்னவென்றால், மரக் கோபுரத்தில் எதிர்த்து நிற்க யாருமில்லை, ஓடவும் இடமில்லை. ஓடுவதற்காக இறுகிய தசைகள் ஓடாமல் நிற்பதால் நடுங்குகின்றன. கால் நடுங்குவது பலவீனத்தின் அடையாளம் இல்லை. வேலையில்லாமல் நிற்கும் பலம் அது.

"மேலே போய் மயங்கி விழுந்துவிட்டால்?" என்று பலர் கேட்பதுண்டு. மயக்கம் வருவது பொதுவாக இரத்த அழுத்தம் சட்டென்று குறையும்போது. உயர பயத்தில் அழுத்தம் பெரும்பாலும் கூடவே செய்கிறது. எனவே தலை கனப்பதுபோல் தோன்றினாலும் மயங்கி விழுவது அரிது. ஆனாலும் கண் இருட்டினால் உடனே உட்கார்ந்து பயிற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பிடாமல் வருவதும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வேறு காரணத்தால் மயக்கம் தரும்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 3,517 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 28 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் உயரத்தில் தடுமாற்றத்தை உணர்ந்ததாகக் கூறினார்கள். அதே விகிதம் உங்கள் வகுப்புக்கும் பொருந்தினால் 30 பேரில் 8 பேர். அவர்களில் பலர் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

கோபுரம் ஏறிய கவிஞர்

1770-இல் ஜெர்மானிய இளைஞர் ஒருவர் சட்டம் படிக்க ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு வந்தார். உயரமான இடத்தில் நின்றாலே அவருக்குத் தலை சுற்றும். அந்த ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் 142 மீட்டர் உயரம். அக்காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம். இளைஞர் தனியே அதன் மேற்பகுதிக்கு ஏறி, முதலில் உள்ளே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பிடித்துக்கொள்ள ஏதுமில்லாத சிறிய வெளிமேடைக்கு வந்து நின்றார். மீண்டும் மீண்டும் இதைச் செய்தார். உயரம் தன்னை ஒன்றும் செய்யாது என்ற நிலை வரும்வரை விடவில்லை. அந்த இளைஞர்தான் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற கவிஞர் கதே. இதைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். கைப்பிடி இல்லாத இடத்தில் தனியாக நின்றதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம். பழக்கத்தால் பயம் குறையும் என்று அவர் கண்டுகொண்டதே முக்கியம்.

அறிவியல் அந்த இடத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனின் பயத்தைக் குறைத்த விதத்தை வெளியிட்டார். சிறுவன் விருப்பமான உணவைச் சாப்பிடும்போது, முயல் சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது. 1958-இல் ஜோசப் வோல்பே என்ற மருத்துவர் இத்தகைய படிப்படியான முறையை ஒழுங்கான சிகிச்சையாக வகுத்தார். 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயர பயம் உள்ள 100 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மெய்நிகர் கண்ணாடி மாட்டி, கணினி உருவாக்கிய கட்டடத்தில் மாடி மாடியாக ஏற்றினார்கள். அவர்களுடைய பய அளவு சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

இந்த முறை எப்படிப் பலன் தருகிறது? பயந்து இறங்கி ஓடும்போது மனத்துக்கு உடனே நிம்மதி கிடைக்கிறது. "ஓடியதால்தான் பிழைத்தோம்" என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை மணி இன்னும் பலமாக அடிக்கும். ஓடாமல் அங்கேயே சிறிது நேரம் நின்றால் அட்ரினலின் தானாகவே தணியும், துடிப்பு இறங்கும். "நின்றோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய குறிப்பு எழுதப்படும். பழைய குறிப்பு அழிந்துபோவதில்லை; புதியது அதைவிட வலுவாகும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும்.

1997 மே 23-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் ஆகிய நம்மவர் இருவர். எவரெஸ்ட்டில் ஏறுகிறவர்கள் ஒரே மூச்சில் உச்சிக்குப் போவதில்லை. ஒரு முகாம் வரை ஏறி, இறங்கி, மறுபடி அதற்கு மேல் ஏறி, மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்குகிறார்கள். உடலுக்கு அவகாசம் தருவதுபோல மனத்துக்கும் தர வேண்டும்.

உங்கள் ஏணியை நீங்களே செய்யுங்கள்

முகாமுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கலாம். ஒரு தாளில் உங்களுக்குப் பயம் தரும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். பள்ளியின் முதல் மாடித் தாழ்வாரத்தில் நின்று கீழே பார்ப்பது 2 ஆக இருக்கலாம். மூன்றாம் மாடி 4. சாலைக்கு மேலுள்ள நடைமேம்பாலத்தின் நடுவில் நிற்பது 5. பினாங்கு தண்ணீர்மலைப் படிகளில் நின்று கீழே பார்ப்பது 6. பினாங்கு கொம்தார் கட்டடத்தின் 68-ஆவது மாடியில் உள்ள கண்ணாடித் தரை 10.

கைப்பிடிச் சுவர் உள்ள, எல்லாரும் போகும் இடங்களை மட்டுமே எழுதுங்கள். பெரியவர் ஒருவரையோ நம்பிக்கையான நண்பரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். குறைந்த மதிப்பெண் உள்ள இடத்தில் தொடங்கி, பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே நில்லுங்கள். இரண்டு மூன்று நாள் திரும்பச் செய்து, அந்த இடம் சலிப்புத் தரத் தொடங்கியதும் அடுத்த படிக்குப் போங்கள். சலிப்புதான் இங்கே வெற்றியின் அளவுகோல்.

மேலே நிற்கும்போது உதவுபவை சில உண்டு. அருகில் உள்ள தூணையோ கம்பியையோ பாருங்கள். கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஓடும் கார்களையும் நகரும் மேகங்களையும் பார்க்க வேண்டாம். கால்களைச் சற்று அகட்டி, அசையாத ஒன்றைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். முடியாதபோது உட்காருங்கள், உட்கார்ந்தால் சமநிலை வேலை குறைகிறது, தலைச்சுற்றலும் குறைகிறது. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விடுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத்தின் வேகத்தைத் தணிக்க உதவும்.

பயம் வேறு, ஆபத்து வேறு

இந்த வேறுபாட்டை எல்லாரும் கற்க வேண்டும், பயமில்லாதவர்கள் இன்னும் அதிகமாக. கயிற்று விளையாட்டுகளில் பயன்படும் காரபினர் கொக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன்மேல் 22 கிலோநியூட்டன் என்பதுபோல ஓர் எண் பொறித்திருக்கும். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவரின் எடை சுமார் 490 நியூட்டன். 22,000-ஐ 490-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45. நழுவி விழும்போது கயிற்றில் ஏற்படும் விசை எடையைப்போலப் பல மடங்கு ஆகும் என்பதால்தான் இவ்வளவு தாராளம்.

ஆனால் அந்த எண், கொக்கியின் கதவு மூடியிருந்தால் மட்டுமே. கதவு திறந்திருந்தால் தாங்கும் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே கேட்டுப் பழகுங்கள்: என் இடுப்புப் பட்டையை யார் சரிபார்த்தது? கொக்கி திருகிப் பூட்டியிருக்கிறதா? கயிற்றைப் பிடிப்பவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால், அபாயமணி அடித்தாலும் ஆபத்து குறைவு என்று அறிவுக்குத் தெரியும். பதில் கிடைக்காவிட்டால் ஏறாதீர்கள். அருவிப் பாறைகளிலும் தடுப்பில்லாத மொட்டை மாடியிலும் வரும் பயம் சரியான பயம். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் பாறை எப்போதும் வழுக்கும். அந்தப் பயத்தைக் குறைக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

தள்ளிவிடாதீர்கள்

"ஒருமுறை தள்ளிவிட்டால் பயம் தெளிந்துவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. மேலே பார்த்த அறிவியலின்படி இது தவறு. கதே தானாக ஏறினார், தானாக நின்றார். தள்ளப்பட்டவருக்கு நிற்பதும் இறங்குவதும் தன் கையில் இல்லை. அவருடைய மூளையில் எழுதப்படுவது "ஒன்றும் ஆகவில்லை" என்பதன்று; "என்னைக் காப்பாற்ற யாருமில்லை" என்பது. கயிற்றுப் பாலத்தை வேண்டுமென்றே ஆட்டுவதும், நடுங்குபவரைக் காணொளி எடுப்பதும் அதே வகைதான்.

பேராக் மாநிலத்தின் லுமுட்டில் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்ட் ஹான் என்ற கல்வியாளர் 1941-இல் வேல்ஸ் நாட்டில் தொடங்கிவைத்த இயக்கம் அது. உலகெங்கும் இத்தகைய சாகசக் கல்வி வளர்ந்தபோது, எவ்வளவு தூரம் போவது என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்யட்டும் என்ற கொள்கையும் வளர்ந்தது. இதன்படி, பத்துப் படி ஏறி இறங்கிவிட்டவரும் அன்றைய பயிற்சியை முடித்தவரே. அவருடைய ஏணியில் அது ஒரு படி.

பள்ளியின் மாடி வகுப்புக்குப் போகவே முடியவில்லை, நினைத்தாலே தூக்கம் கெடுகிறது என்ற அளவில் பயம் இருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. சமதரையில் நிற்கும்போதே தலை சுற்றினால் அது வேறு விஷயம். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இம்முறை முகாம் கடிதம் கைக்கு வந்ததும் காய்ச்சலைத் தேடாதீர்கள். பொறுப்பாசிரியரிடம் போய், "எனக்கு உயரம் என்றால் பயம், ஆனால் முயல விரும்புகிறேன், முதலில் பாதி வரை ஏறலாமா?" என்று கேளுங்கள். பயிற்றுநருக்கு முன்கூட்டியே தெரிந்தால் உங்களை வரிசையின் நடுவில் நிறுத்தாமல், அவசரமில்லாத நேரத்தில் ஏற்றுவார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவருக்கு உங்கள் பயம் தெரிந்திருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.